மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம்: குடியை விட்டவர் ஏன் மறுபடி குடிக்கிறார்?

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். எலக்ட்ரிக் வேலை. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் 41 நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டார். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், செருப்பில்லாத கால், கறுப்பு வேட்டி. தெருவே அவரைச் சாமி என்று கூப்பிடும். மலைக்குப் போய்த் திரும்பி, கோயிலில் மாலையைக் கழற்றுவார். அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நிற்பார். போன வருடமும் இதே கதை, அதற்கு முந்தின வருடமும் இதே கதை.

பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்கள். "41 நாள் இருக்க முடிஞ்சவனுக்கு 42-வது நாள் முடியாதா? மனசு இல்ல, அவ்வளவுதான்." அவர் மனைவியும் அதைத்தான் சொல்கிறார். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தக் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. குடியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்தியபடியே இருப்பது இன்னொரு வேலை. முதல் வேலை சில நாட்களில் முடிந்துவிடும், இரண்டாவது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும். சத்தியம், கயிறு, மாலை, பத்து நாள் அட்மிஷன் என்று நம் ஊரில் இருக்கிற ஏற்பாடெல்லாம் முதல் வேலைக்கானவை. இரண்டாவதை அவரவர் தலையில் விட்டுவிடுகிறோம்.

ஒரு குவார்ட்டருக்குள் என்ன இருக்கிறது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் ஆல்கஹால் பொதுவாக 42.8 சதவீதம். எடையில் சொன்னால் ஒரு குவார்ட்டருக்குள் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் அந்த வேகம் கூடாது. இரவு 9 மணிக்குக் குடித்து முடித்தவர் உடம்பிலிருந்து அது வெளியேற விடியற்காலை ஆகிவிடும். தினமும் குடிப்பவருக்குக் கை நடுக்கம் ஏன் காலையில், பல் தேய்க்கும் நேரத்தில் வருகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் பின்னால் சாய்ந்து காலை ஊன்றி எதிர்த்து இழுக்கும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் கயிறு அசையாது. பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.

மூளையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். மூளையை அடக்கி அமைதிப்படுத்தும் ஒரு ரசாயனம் உண்டு, பெயர் காபா. கிளப்பி விறுவிறுப்பாக்கும் இன்னொன்று உண்டு, அது குளூட்டமேட். மது முன்னதன் வேலையைத் தூக்கிவிடும், பின்னதை அமுக்கும். அதனால்தான் முதல் சில மடக்குகளில் மனசு லேசாகிறது. ஆனால் தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. எதிர்ப்பக்கம் காலை ஊன்றி, தன்னைத் தானே கிளப்பிவைத்துக்கொண்டு இழுக்கத் தொடங்கும். பழைய அளவு போதாமல் போகும். ஒரு கட்டிங்கிலேயே தள்ளாடியவர் ஆஃப் அடித்துவிட்டும் நேராக நடப்பார். இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். கூட்டாளிகள் 'கெபாசிட்டி' என்று மெச்சுவது இதைத்தான். மெச்ச இதில் ஒன்றுமில்லை, இது வியாதி வளர்வதன் அடையாளம்.

சரி, ஒரு பக்கம் திடீரென்று கயிற்றை விட்டால்? மறுபக்கம் இருப்பவர்கள் மல்லாக்க விழுவார்கள். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், எதிர்த்து இழுத்துக்கொண்டிருந்த மூளை அப்படித்தான் விழுகிறது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத பயம், படபடப்பு. இவற்றுக்கு விலகல் அறிகுறிகள் என்று பெயர். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி குழம்பும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதும் உண்டு. அது உயிரைக் குடிக்கக்கூடிய மருத்துவ அவசரம்.

2020 மார்ச்சில் ஊரடங்கால் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடியபோது இந்த ஆபத்து வெளிச்சத்துக்கு வந்தது. கேரளத்தில் நிலைமை மோசமாகி, மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று அரசு ஆணையே போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் ஆணையை நிறுத்திவைத்தது. மருத்துவர்கள் எதிர்த்ததில் நியாயம் உண்டு, விலகல் அறிகுறிக்கு மருந்து மாத்திரை இருக்கும்போது பிராந்தியையே எழுதிக்கொடுப்பது வைத்தியம் ஆகாது. ஆனாலும், மதுவைச் சட்டென்று நிறுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஓர் அரசாங்கமே ஒத்துக்கொண்ட தருணம் அது.

தெருக்கோடி அண்ணனுக்கும் மாலை போட்ட முதல் மூன்று நாள் கை நடுங்கியதாம், ராத்திரி தூக்கமே இல்லையாம். விரதத்தின் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டாராம். வலிப்பு வராதது அவர் அதிர்ஷ்டம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: தினக்குடியில் மூளை மதுவுக்கு எதிராகத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. மது நின்றதும் அந்த மாற்றம் உடம்பை உலுக்குகிறது. அந்த உலுக்கல் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவர், முன்பு வலிப்பு கண்டவர், வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

புளியங்காயும் சத்தியமும்

பத்து நாளில் உடம்பு அடங்கிவிடுகிறது என்றால், 42-வது நாள் இழுப்பது எது?

ஒரு புளியங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சையாக, நகத்தால் சுரண்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு. வாயில் நீர் ஊறியிருக்கும். உங்கள் கையில் புளியங்காய் இல்லை, பக்கத்தில் மரமும் இல்லை. வெறும் சொல் ஒன்று போதுமாக இருந்தது. இனி புளியங்காய் என்ற சொல்லைக் கேட்டால் வாய் ஊறவே ஊறாது என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்யுங்கள் பார்ப்போம்.

குடிப்பவருக்கு அந்தச் சொல் எங்கெல்லாமோ ஒளிந்திருக்கிறது. சாயங்காலம் ஆறு மணி. சனிக்கிழமைக் கூலி. வண்டி வழக்கமாகத் திரும்பும் அந்தச் சந்து. சைடு டிஷ் வறுக்கும் வாசனை. 'எங்கப்பா ஆளையே காணோம்' என்கிற ஒரு போன். மனைவியோடு ஒரு சண்டை. இவை ஒவ்வொன்றும் ஒரு தூண்டல். தூண்டல் வந்ததும் உள்ளே எழும் இழுப்புக்கு ஏக்கம் என்று பெயர். பெயர் மென்மையாக இருக்கிறது. அனுபவித்தவர்கள் சொல்வதோ தாகம், நமைச்சல், தலைக்குள் யாரோ பேசுவது என்றெல்லாம்.

மூளையில் டோபமைன் என்ற இன்னொரு ரசாயனம் இருக்கிறது. 'சந்தோஷ ரசாயனம்' என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள், அது பாதிதான் சரி. 1990-களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில் சாறு வாயில் விழும்போது டோபமைன் செல்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன்னால் ஓர் அறிகுறியை மறுபடி மறுபடி காட்டிப் பழக்கிய பிறகு, அந்த அறிகுறி வந்த நொடியிலேயே செல்கள் துடித்தன, சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. இந்தத் துடிப்பை 'இதோ வரப்போகிறது, தயாராகு' என்ற குரலாக எடுத்துக்கொள்ளலாம். குடிப்பவருக்கு அந்தக் குரல் கடை வாசலில், சில்லறையை எண்ணும்போதே கேட்டுவிடுகிறது.

இதிலிருந்து இன்னொரு புதிரும் விளங்கும். "எனக்குக் குடிக்கவே பிடிக்கல, ஆனா விட முடியல" என்று பலர் அழுவார்கள். கேட்பவர்கள் நடிப்பு என்பார்கள். பிடிப்பது வேறு, வேண்டும் என்று இழுப்பது வேறு, மூளையில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு என்று டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-ல் விளக்கினார்கள். போதை பழகப் பழகப் பிடிப்பது குறைந்துகொண்டே போகும், இழுப்பது மட்டும் கூடிக்கொண்டே போகும். அழுகிறவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

இந்தப் பழக்கம் மூளையில் அழிவதில்லை. பத்து வருடம் சைக்கிளைத் தொடாதவரும் ஏறி உட்கார்ந்தால் மிதிக்கிறார் அல்லவா, அதுபோலத்தான்.

தூண்டல்கள் மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி வியட்நாம் போர். அங்கே ஹெராயினுக்கு அடிமையாகி 1971-ல் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். முதல் வருடத்துக்குள் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. காடும் போரும் கூட்டாளிகளும் ஒரு கடலுக்கு அப்பால் போய்விட்டது முக்கியமான காரணம் என்று இதை விளக்குகிறார்கள். ஹெராயினும் பிராந்தியும் ஒன்றல்ல. ஆனால் இங்கே வாழைத்தோட்டம் குடித்த இடம், டீக்கடைக்கு எதிரே பார், வீட்டிலிருந்து நூறு அடியில் கூட்டாளி. நம் ஆள் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை.

இப்போது மாலையை மறுபடி பாருங்கள். அது ஒரே நாளில் எத்தனையை மாற்றுகிறது! உடை வேறு, எழும் நேரம் வேறு, சாப்பாடு வேறு, சாயங்காலம் போகும் இடம் வேறு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பஜனை இருக்கிறது. பெயர்கூட வேறு. சாமி என்று கூப்பிட்டவனிடம் எவனும் கிளாஸை நீட்டமாட்டான். போதை மீட்பு நிபுணர் ஒருவர் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு முழுமையான ஏற்பாட்டைச் செய்ய முடியுமா என்பது சந்தேகம். மாலையைக் கழற்றிய நிமிடம் அத்தனையும் ஒன்றாகப் போகிறது, பழைய தூண்டல்கள் அத்தனையும் ஒன்றாகத் திரும்புகின்றன. கான்கிரீட் இறுகும் முன் சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் தளம் என்ன செய்யும்? அதைத் தளத்தின் மனவுறுதிக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை.

சுருக்கமாக: உடம்பின் உலுக்கல் போன பின்னும் தூண்டலும் ஏக்கமும் இருக்கும். மாலை தூண்டல்களை 41 நாள் தள்ளி வைக்கிறது. அது முதல் வேலையை அருமையாகச் செய்கிறது, இரண்டாவது வேலையைத் தொடவே இல்லை.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

குடியை விட்டவர் ஒருநாள் ஒரு கிளாஸ் குடித்துவிடுகிறார். இதைச் சறுக்கல் என்போம். அந்த ஒரு கிளாஸிலிருந்து பழையபடி தினக்குடிக்குத் திரும்புவது மீள்வீழ்ச்சி. இரண்டும் ஒன்று என்றுதான் வீட்டில் நினைக்கிறோம், குடித்தவரும் அப்படியே நினைக்கிறார். உண்மையில் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சிலருக்கு ஒரு மணி நேரம், சிலருக்கு ஒரு வாரம்.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆராய்ந்தார். அவர் கண்டதை நம் பழமொழி ஒன்றே சொல்லிவிடும்: முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு. ஆறு மாதம் தொடாமல் இருந்தவர் ஒரு கிளாஸ் குடித்ததும், "போச்சு, எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான்" என்று முடிவு கட்டுகிறார். வெட்கம் வருகிறது. வெட்கத்தை மறக்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். முதல் கிளாஸை ஊற்றியது ஏக்கமாக இருக்கலாம், இரண்டாவதை ஊற்றுவது பெரும்பாலும் வெட்கம்தான்.

சத்தியம் இங்கேதான் எதிராகத் திரும்புகிறது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவருக்கு, ஒரு சறுக்கல் என்பது ஒரு கிளாஸ் பிராந்தி அல்ல, பிள்ளைக்குச் செய்த துரோகம். சத்தியம் எவ்வளவு பெரியதோ வெட்கமும் அவ்வளவு பெரியது. எனக்குச் சத்தியங்கள் மேல் வெறுப்பில்லை. ஆனால் சறுக்கினால் அடுத்த நிமிடம் என்ன செய்வது என்று எந்தச் சத்தியத்திலும் ஒரு வரி இருப்பதில்லை.

சறுக்கல்கள் ஆகாயத்திலிருந்து விழுவதும் இல்லை. மனசு கெட்டுக் கிடக்கும்போது, யாருடனாவது சண்டை போட்ட பிறகு, கூட இருப்பவர்கள் வற்புறுத்தும்போது. மார்லட் கண்ட முக்கியமான மூன்று சமயங்கள் இவைதான். நம் ஊர்க் கணக்கில் சாவு வீடு, சொத்துப் பேச்சு, கல்யாண வீட்டுப் பின்பக்கம். நான்காவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: எல்லாம் நன்றாகப் போகும்போது. "ஒரு வருஷம் ஆச்சு, இனி கட்டுப்பாடா குடிக்கலாம், ஒரு பீர்தானே" என்று தன்னையே சோதித்துப் பார்க்கிற நாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில வாரங்கள் நிறுத்தியவரின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். பழைய நினைப்பில் பழைய அளவை ஒரே மூச்சில் குடித்தால், மயங்கி, வாந்தி மூச்சுக்குழலில் அடைத்து, உயிரே போகலாம்.

அப்படியானால் வைத்தியம் தோற்றதா?

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற தாத்தா இரண்டு மாதம் ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டு, மாத்திரையை விட்டு, பிரஷரை ஏற்றிக்கொண்டு வருகிறார். மருத்துவர் திட்டுவார், மறுபடி மாத்திரை எழுதுவார். பிரஷருக்கு வைத்தியமே பலிக்காது என்று யாரும் சொல்வதில்லை. 2000-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை இந்த ஒப்பீட்டை எண்ணிக்கையோடு செய்தது. போதை வியாதிகளில் சிகிச்சைக்குப் பிறகு திரும்ப விழுபவர்கள் 40 முதல் 60 சதவீதம். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளில் வியாதி மறுபடி தலைதூக்குவது 50 முதல் 70 சதவீதம். நீண்ட நாள் வியாதிகள் எல்லாமே இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

இதைச் சொன்னவுடன் ஒரு கோபமான கேள்வி வரும், பெரும்பாலும் பெண்களிடமிருந்து: "அப்போ அவர் அடிச்சதும் வியாதியா?" இல்லை. வியாதி ஏக்கத்தை விளக்கும், அடித்த கைக்கு அது ஜாமீன் ஆகாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கும் ஆகாது. வைத்தியம் அவருக்கு வேண்டும், பாதுகாப்பு உங்களுக்கு வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டில் கலக்கும் மாத்திரை

'குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த' என்று பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அதில் என்னதான் கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். இந்த யோசனைக்குப் பின்னால் நிஜமான மருந்து ஒன்று உண்டு, பெயர் டைசல்ஃபிரம். மதுவோடு சேர்ந்தால் அது என்ன செய்யும் என்பது 1940-களில் டென்மார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரல் ஆல்கஹாலை முதலில் ஒரு நச்சாகவும், பிறகு அந்த நச்சைத் தீங்கில்லாத பொருளாகவும் மாற்றும். இந்த மருந்து இரண்டாவது படியை அடைத்துவிடும். குடித்தால் நச்சு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி வரும். சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

மருந்து சாப்பிட்டிருக்கிறோம், குடித்தால் தொலைந்தோம் என்ற நினைப்புதான் அவரைத் தடுக்கிறது. அவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்தால் அந்த நினைப்பு இருக்காது, ஆபத்து மட்டும் இருக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

42-வது நாளுக்கு என்ன ஏற்பாடு?

இந்தியா முழுவதும் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அட்மிஷன் கிடைக்கிறவர்களுக்கும் பல சமயம் அது பத்து நாளோடு முடிந்துவிடுகிறது. குளுக்கோஸ், வைட்டமின் ஊசி, தூக்க மாத்திரை, வீட்டுக்கு அனுப்புதல். அது முதல் வேலை.

இரண்டாவது வேலைக்கும் கருவிகள் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் மறுபடி குடிக்கும் வாய்ப்பைக் குறைக்கும். எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்காது, ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து மனநல மருத்துவர்தான் எழுத வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்க்கென்றே நடக்கிறது, குடும்பத்துக்கும் அங்கே ஆலோசனை உண்டு. 2017-ன் மனநலச் சட்டம் குடிநோயையும் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது, ஆகவே கட்டிவைத்து அடிக்கிற 'மையங்கள்' சட்டத்துக்கு வெளியே நிற்பவை.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) குழுக்கள் தமிழ்நாட்டிலும் கூடுகின்றன. கட்டணம் கிடையாது, பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போக ஓர் இடம், சறுக்கினால் வெட்கமில்லாமல் சொல்ல நாலு பேர். மாலை போட்டபோது கிடைத்தது இது இரண்டும்தானே?

அப்புறம் வீட்டில் பேசவேண்டிய பேச்சு. சறுக்கியவரிடம் "ஏன் குடிச்சே?" என்று கேட்டால் பொய்யோ சண்டையோதான் வரும். எங்கே, எத்தனை மணிக்கு, கூட யார், அதற்கு முன் என்ன நடந்தது என்று மறுநாள் காலையில் நிதானமாகக் கேட்டால் ஒரு தூண்டலின் பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால் அதற்கு ஏற்பாடு செய்யலாம். சம்பளம் மனைவியின் கணக்குக்குப் போகலாம். வீட்டுக்கு வேறு வழியில் வரலாம். சாவு வீட்டுக்குக் காலையில் போய் மதியமே திரும்பிவிடலாம். ஏக்கம் வந்தால் அரை மணி நேரம் கடத்தப் பார்க்கலாம். அது அலை மாதிரி ஏறும், இறங்கும். வயிறு காலியாக இருந்தால் இன்னும் உயரமாக ஏறும், ஆகவே முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

யாரிடம் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு இலவச எண்கள்: போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416.

தெருக்கோடி அண்ணனிடம் இதையெல்லாம் நான் பிரசங்கமாகச் சொல்லவில்லை. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் என்ன செய்வீர்கள் அண்ணே என்று மட்டும் போன மாதம் கேட்டேன். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போல. கொஞ்ச நேரம் யோசித்தார். தங்கச்சி வீடு திண்டுக்கல்லில் இருக்கிறது, அவள் புருஷன் குடிக்கமாட்டான், நாலு நாள் அங்கே போய் ஃபேன் லைன் எல்லாம் மாத்திக் கொடுக்கலாம்னு பார்க்கிறேன் என்றார். "அஞ்சாவது நாள்?" என்றேன். "அதைத்தான் பெரியாஸ்பத்திரி மனநல டாக்டர்கிட்ட கேக்கணும். எந்தக் கிழமை உட்காருவார்?"